தலை லோஃபோட்டனில், உடல் லண்டனில்: மீன் எலும்பை வைத்துப் பழைய வணிகத்தைப் படிப்பது எப்படி?

நெய்தல்வாசி எழுதியது:

இடைக்கால ஐரோப்பாவின் மீன் வணிகம் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். ஒரு விஷயம் பிடிபடவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

கி.பி. 890 வாக்கில் நார்வேயின் வடகோடியில் வாழ்ந்த ஓட்டார் என்ற தலைவர் இங்கிலாந்து மன்னர் ஆல்ஃபிரெடைப் பார்க்க வந்தார். தன் ஊரையும் கடல் பயணங்களையும் பற்றி அவர் சொன்னதை எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது. வால்ரஸ் தந்தம், விலங்குத் தோல், பறவை இறகு, தோலில் செய்த கப்பல் கயிறு என்று பல பொருள்கள் அதில் வருகின்றன. ஹைதாபு என்ற வணிக ஊருக்குக் கப்பலில் போன வழியையும் சொல்கிறார். காய்ந்த மீனை ஏற்றிப்போனதாக ஒரு வரி கூடக் கிடையாது.

ஆனால் 2017இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் பாஸ்டியான் ஸ்டார் குழு, ஹைதாபுவில் தோண்டியெடுத்த காட் மீன் எலும்புகளின் மரபணுவைப் படித்துவிட்டு, அவை ஆர்க்டிக் பக்கத்து மீன்கள் என்று அறிவித்தது. ஹைதாபு இன்றைய ஜெர்மனியின் வட முனையில் இருக்கிறது. 1066இல் அழிக்கப்பட்டுக் கைவிடப்பட்ட ஊர். ஆக, அந்த மீன் அதற்கு முன்பே அவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும்.

குப்பையில் கிடந்த ஒரு முள்ளைப் பார்த்து 'இது இங்கே பிடித்த மீன்', 'இது வெளியூரிலிருந்து வந்தது' என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? மரபணு ஆய்வு வருவதற்கு முன்பு என்ன வழி வைத்திருந்தார்கள்? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

எலும்புமேசை எழுதியது:

இங்கிலாந்தில் மீன் எலும்பு ஆய்வில்தான் இருக்கிறேன், முனைவர் பட்டத்துக்காக. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மரபணு வந்த பிறகும் நாங்கள் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். மீனின் எந்தப் பாகத்து எலும்பு கிடைத்திருக்கிறது, எந்தப் பாகம் வரவே இல்லை? வராத பாகம்தான் பெரும்பாலும் அதிகம் சொல்லும்.

காட் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மீன் எண்ணெய் இதன் ஈரலிலிருந்து வந்ததுதான். தலையில் தாடை, மண்டை, செவுள் மூடி என்று ஏராளமான தனித்தனி எலும்புகள். தலைக்குப் பின்னால் முதுகெலும்பில் 50 சொச்சம் முள்ளெலும்புகள். மீனைப் பச்சையாக வாங்கிச் சமைத்த ஊரில் தோண்டினால் தலையும் உடலும் கலந்தே கிடைக்கும்.

வடநார்வேயின் தீவுக்கூட்டமான லோஃபோட்டன் போன்ற இடங்களில் தலையை வெட்டிவிட்டு உடலைக் காயப்போடுவார்கள். தலை எலும்புகள் அங்கேயே குவிந்துபோகும். வாங்கித் தின்ற ஊருக்கு முள்ளெலும்புகள் மட்டும் வந்து சேரும். கூடவே இன்னொரு எலும்பும் வரும். செவுளுக்குப் பின்னால் பிறை மாதிரி வளைந்திருக்கும் தோள் எலும்பு. தலையை வெட்டினாலும் அது உடலோடு நிற்கும். தலையில்லாத சதை பிய்ந்து தொங்காமல் பிடித்து நிறுத்துவது அதுதான். ஆக, லண்டனில் ஒரு குழியில் தாடை எலும்பே இல்லாமல் தோள் எலும்பும் முள்ளெலும்பும் மட்டும் வந்தால், வெட்டிக் காய்ந்த மீன் என்று சந்தேகப்படலாம். மீனைப் பிளந்து முதுகெலும்பின் முன்பகுதியை எடுத்துவிட்டுக் காயவைக்கும் முறையும் உண்டு. அப்போது வால் பக்கத்து முள்ளெலும்புகளே பயணம் போகும். எலும்பில் கத்தி பட்ட இடத்தைப் பார்த்தால் எந்த முறை என்று ஓரளவு தெரிந்துவிடும்.

சரி, வெளியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து? இதற்கு ஜேம்ஸ் பாரெட் குழு 2008, 2011 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மீன் வளர்ந்த கடலுக்கேற்ப அதன் எலும்புப் புரதத்தில் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) விகிதம் மாறும். ஆனால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வடகடலின் அளவு என்ன, ஆர்க்டிக்கின் அளவு என்ன என்று யாரிடம் கேட்பது? அவர்கள் தலை எலும்புகளைக் கையில் எடுத்தார்கள். தலை பெரும்பாலும் பிடித்த ஊரிலேயே தங்கிவிடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு கரையிலும் தோண்டிய காட் தலைகளே அந்தந்தக் கடலின் அளவுகோல். அதோடு முள்ளெலும்பையும் தோள் எலும்பையும் ஒப்பிட்டால் போதும். 9 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் தின்றது பெரும்பாலும் பக்கத்துக் கடல் மீன். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் தூரத்து மீன் தெளிவாகத் தெரிகிறது.

டேவிட் ஆர்ட்டன் குழு 2014இல் லண்டனில் மட்டும் 95 அகழாய்வுகளிலிருந்து ஏறக்குறைய 3000 காட் எலும்புகளைச் சேர்த்துப் பார்த்தது. 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தலை எலும்புகளின் பங்கு சட்டென்று இறங்குகிறது. உடல் எலும்புகள் ஏறுகின்றன. அந்த நகரம் தன் மீனுக்கு வடக்கே கையேந்தத் தொடங்கிய காலத்தை இப்படி ஒரு தலைமுறை அளவுக்கு நெருக்கிப் பிடிக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கருவாட்டுக்கடை எழுதியது:

தூத்துக்குடி பக்கம். அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் கருவாட்டு வியாபாரம். தங்கச்சி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன்.

எல்லாக் கருவாட்டுக்கும் தலை போவதில்லை. நெத்திலி, சாளை முழுசாகத்தான் காயும். பெரிய மீனைக் கீறும்போது சிலவற்றில் தலையையும் சேர்த்துப் பிளந்து உப்பு வைப்போம், சிலவற்றில் தலையை எடுத்துவிடுவோம். மீனையும் வெயிலையும் வாங்குகிற ஊரையும் பொறுத்தது அது. தலையோடு போன கருவாட்டைத் தின்ற ஊரில் தோண்டினால், பச்சை மீன் என்று எழுதிவிட மாட்டீர்களா?

இன்னொன்று. உப்பே போடாமல் மாதக்கணக்கில் தொங்கவிட்டால் புழு வைக்காதா?

பனிக்கரை எழுதியது:

வணக்கம் அண்ணாச்சி. நான் வடநார்வேயில் வேலை பார்க்கிறேன். புழுக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை எலும்புமேசை அக்கா சொல்லட்டும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை காட் மீன்கள் பேரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட லோஃபோட்டனுக்கு இறங்கி வரும். பிடித்த மீனின் தலையை எடுத்து, குடலைக் களைந்து, இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். பிப்ரவரி முதல் மே வரை வெப்பம் 0 டிகிரியை ஒட்டியே ஏறி இறங்கும். கடுங்குளிர் அடித்தால் சதை உறைந்து நொய்ந்துவிடும், சூடு வந்தால் ஈ வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கடல் காற்றோடு சில மாதம் கிடைப்பதுதான் அந்த ஊரின் அதிர்ஷ்டம். அவ்வளவு வடக்கே இருந்தும் கடல் நீரோட்டத்தால் அங்கே குளிர் மிதமாக இருக்கிறது. ஐந்து கிலோ பச்சை மீன் ஒரு கிலோ அளவுக்கு வற்றிவிடும். கட்டை மாதிரி இருக்கும், வருடக்கணக்கில் கெடாது. ஊறவைத்துத்தான் சமைக்க வேண்டும்.

வெட்டிய தலைகளையும் கயிற்றில் கோத்துத் தனியாகக் காயவைப்பார்கள். அவை இன்று நைஜீரியாவுக்கு ஏற்றுமதியாகின்றன.

சான்றுகேள் எழுதியது:

பனிக்கரை சொன்ன கடைசி வரியைக் கவனித்தீர்களா? தலையும் பயணம் போகிறதே! 'தலை ஊரிலேயே தங்கும்' என்ற அடிப்படையில்தானே அந்த ஐசோடோப் அளவுகோலே நிற்கிறது? அடிப்படை ஆடினால் மேலே கட்டியதெல்லாம் ஆடும். அண்ணாச்சியின் முதல் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

எலும்புமேசை எழுதியது:

இரண்டும் சரியான கேள்விகள்.

அண்ணாச்சி, நீங்கள் சொல்வது போலச் சின்ன மீனில் காட் கணக்கு செல்லாது. ஐரோப்பாவில் ஹெர்ரிங் அப்படிப்பட்டது, நம் மத்தி வகையறா. அதைத் தலையோடு பீப்பாயில் உப்பிட்டு அனுப்பினார்கள். ஆனால் உப்பிடும் முன்பு கத்தியால் செவுளையும் குடலையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடுவார்கள். அந்த இழுப்பில் செவுளைச் சுற்றிய எலும்புகளும் தோள் எலும்பும் சேர்ந்து வந்துவிடும். டென்மார்க்கில் செல்ஸோ-வெஸ்ட்பி என்ற இடத்தில் எங்ஹோஃப் என்ற ஆய்வாளர் ஆராய்ந்த இடைக்காலக் குவியலில் கிடைத்தது இந்தக் கழிவுதான். அதாவது காட் மீனில் தோள் எலும்பு பயணம் போகும், ஹெர்ரிங்கில் அதே எலும்பு கரையில் தங்கும். மீனுக்கு மீன் வெட்டும் முறை வேறு, ஆகவே எலும்புக் கணக்கும் வேறு. பதப்படுத்தும் முறை தெரியாமல் யாரும் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. தலையோடு கீறிய பெரிய மீனாக இருந்தால் எலும்புப் பட்டியல் எங்களை ஏமாற்றிவிடும், அங்கே ஐசோடோப்பும் மரபணுவும்தான் துணை.

சான்றுகேள், தலை வணிகம் பற்றி. தலைகள் இடைக்காலத்தில் பெருவாரியாக ஊர்விட்டு ஊர் போயிருந்தால், ஒவ்வொரு கரையிலும் கிடைத்த தலை எலும்புகளின் அளவுகள் தாறுமாறாகச் சிதறியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. வட்டாரம் வட்டாரமாகக் கூடி நின்றன. பக்கத்துப் பக்கத்துக் கடல்கள் ஓரங்களில் ஒன்றோடொன்று கலக்கவே செய்கின்றன, அதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒற்றை எலும்பை வைத்து 'இது இந்தக் கடல்' என்று அடித்துச் சொல்லாமல், நிறைய எலும்புகளைச் சேர்த்துப் போக்கைப் படிக்கிறார்கள்.

சான்றுகேள் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ஓரளவுக்கு. ஆனால் இதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இங்கிலாந்தில் 1000க்கு முன்பு கடல் மீன் குறைவு, பிறகு திடீரென்று அதிகம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மண்ணில் மீன் முள் எத்தனை நாள் நிற்கும்? பழைய அகழாய்வுகளில் மண்ணைச் சலித்தார்களா? கண்ணுக்குப் படாததை எல்லாம் 'இல்லை' என்று கணக்கில் எழுதிவிட்டு, பிறகு புரட்சி வந்தது என்று சொல்வது நியாயமா?

எலும்புமேசை எழுதியது:

இந்தத் துறையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வியே இதுதான்.

ஹெர்ரிங்கின் முள்ளெலும்பு 2, 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். மண்வெட்டியோடு நிற்பவர் கண்ணில் அது படாது. பெரிய காட் முள்ளெலும்பு நாணயம் அளவு இருக்கும், அது கைக்குச் சிக்கும். கையால் மட்டும் பொறுக்கிய இடத்தில் 'இவர்கள் பெரிய மீன் மட்டும் தின்றார்கள்' என்று வந்துவிடும். மண்ணை 2 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் தண்ணீர் விட்டு அலசினால் அதே குழியிலிருந்து ஹெர்ரிங், விலாங்கு, குட்டிக் கெண்டை எல்லாம் ஆயிரக்கணக்கில் வரும். பாரெட், அலிசன் லாக்கர், கேலம் ராபர்ட்ஸ் மூவரும் 2004இல் கி.பி. 600 முதல் 1600 வரையிலான 127 மீன் எலும்புத் தொகுப்புகளை ஒப்பிட்டார்கள். சலித்ததையும் கையால் பொறுக்கியதையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பாமல் பார்த்தார்கள். முதலில் விலாங்கும் கெண்டை வகைகளும் மிகுதி, 1000ஐ ஒட்டிய சில பத்தாண்டுகளில் ஹெர்ரிங்கும் காட் மீனும் பாய்ந்து ஏறுகின்றன. ஹெர்ரிங் முள்ளும் விலாங்கு முள்ளும் ஏறக்குறைய ஒரே அளவுதான். விலாங்கு தப்பிப் பிழைத்த மண்ணில் ஹெர்ரிங் மட்டும் கரைந்துபோயிருக்காது. உங்கள் சந்தேகத்துக்கு என் பதில் அந்த விலாங்குதான்.

மனிதர் எலும்பும் இதற்கு ஒத்துப்போகிறது. யார்க் நகரில் 1500 ஆண்டுக் கால எலும்புக்கூடுகளை குண்டுலா மியூல்ட்னர், மைக்கேல் ரிச்சர்ட்ஸ் இருவரும் ஐசோடோப் வழியாக ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். கடல் உணவின் தடம் 11ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தெரியத் தொடங்குகிறது. அங்கே சல்லடைக்கு வேலையே இல்லை.

ஆனால் உங்கள் எச்சரிக்கை மிகப் பொருந்தும் ஒரு இடமும் உண்டு. யார்க்‌ஷரில் ஸ்டார் கார் என்ற, சுமார் 11,000 ஆண்டுப் பழமையான ஏரிக்கரை இருப்பிடம். 1949 முதல் 1951 வரை கிரஹாம் கிளார்க் தோண்டினார். மான் எலும்பும் கொம்பு ஈட்டிமுனைகளும் குவியலாகக் கிடைத்தன, மீன் முள் ஒன்று கூட இல்லை. ஏரிக்கரையில் மீன் இல்லையா? 1978இல் ஆல்வின் வீலர் என்ற மீன் அறிஞர், பனியுகம் முடிந்து அந்த நீர்நிலைகளுக்கு மீன்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று விளக்கம் சொன்னார். அழகான விளக்கம்தான். பிறகு இந்த நூற்றாண்டில் மறுபடி தோண்டி, மண்ணை நுணுக்கமாகச் சலித்தபோது பைக், பெர்ச் என்ற நன்னீர் மீன்களின் சின்னஞ்சிறு எலும்புகள் வந்தன. ஏரியில் மீன் இருந்தது, தின்றும் இருக்கிறார்கள்.

அப்புறம் மனித வயிறு. மீன் முள் மண்ணுக்குப் போவதற்கு முன்பே அழியும் இடம் அது. யார்க்கில் ஆன்ட்ரூ ஜோன்ஸ் 1980களில் பன்றிக்கும் நாய்க்கும் மனிதருக்கும் முள்ளோடு மீனைக் கொடுத்து, வெளியே வந்ததைச் சலித்து எண்ணிப் பார்த்தார். பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது. மிஞ்சிய முள்ளெலும்புகள் பக்கவாட்டில் நசுங்கியிருந்தன. பழைய கழிவுக் குழிகளில் அதே மாதிரி நசுங்கிய முள்ளெலும்புகள் வரும்போது, அவை யாரோ மென்று விழுங்கியவை என்று இப்போது சொல்ல முடிகிறது. இவ்வளவு பொறுமையான சோதனைக்கு நான் தலைவணங்குகிறேன்.

நெய்தல்வாசி எழுதியது:

நன்றி அக்கா. ஒன்றே ஒன்று. ஏன் அந்த 1000ஆம் ஆண்டு? மீன் திடீரென்று பெருகிவிட்டதா, வயிறு பெருகிவிட்டதா?

பனிக்கரை எழுதியது:

நான் கேள்விப்பட்டவரை கிறித்தவ நோன்புதான் காரணம். வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறைச்சி விலக்கு, மீனுக்குத் தடை இல்லை.

சான்றுகேள் எழுதியது:

அது மட்டும் போதாது. இங்கிலாந்து 7ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவத்துக்கு மாறத் தொடங்கிவிட்டது. நோன்பு காரணம் என்றால் முந்நூறு வருடம் தாமதம் ஏன்?

எலும்புமேசை எழுதியது:

சான்றுகேள் சொல்வதோடு உடன்படுகிறேன். நோன்பு தேவையை உண்டாக்கியது, ஆனால் அந்தத் தேவையை ஆறும் குளமும் நெடுங்காலம் தாங்கின. பிறகு நகரங்கள் பெருத்தன. ரிச்சர்ட் ஹாஃப்மன் என்ற வரலாற்றாசிரியர் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார். நீராலை ஓட்ட ஆறுகளுக்குக் குறுக்கே அணை கட்டினார்கள், காட்டை வெட்டி உழுததில் மண் அரித்து ஆற்றில் படிந்தது. சால்மன், ஸ்டர்ஜன் போல ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன்களுக்கு வழி அடைபட்டது. நன்னீர் மீன் அரிதாகிப் பணக்காரர் தட்டுக்குப் போனது, மற்றவர்களுக்குக் கடல்தான் மிச்சம். எனக்கு இதுவே வலுவாகப் படுகிறது. கடலை நாடியது ஆற்றைக் கெடுத்ததன் தொடர்ச்சி. வெப்பநிலை மாற்றமும் பங்களித்திருக்கலாம், ஆனால் ஹெர்ரிங்குக்கும் காட் மீனுக்கும் ஒரே வெப்பம் ஒத்துவராது. அதனால் அதை முதல் காரணமாக வைக்க எனக்கு மனமில்லை.

சான்றுகேள் எழுதியது:

அப்படியென்றால் ஹைதாபு? லண்டனில் ஆயிரக்கணக்கான எலும்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஹைதாபுவில் மரபணு பார்த்தது கைவிரல் எண்ணிக்கைதானே? வடக்கேயிருந்து வால்ரஸ் தந்தம் விற்க வந்த மாலுமிகள் வழியில் தின்னக் கொண்டுவந்த மீனாக அது ஏன் இருக்கக் கூடாது?

எலும்புமேசை எழுதியது:

இருக்கலாம். நீங்கள் சொல்லும் வாசிப்பை அந்த எலும்புகள் மறுக்கவில்லை.

அந்த ஆய்வு மொத்தம் 15 எலும்புகளைப் பற்றியது, 800 முதல் 1280 வரையிலான காலத்தவை. ஹைதாபுவிலிருந்து வந்தவை அவற்றில் ஐந்து. காட் மீனின் மரபணுத் தொடரில் சில இடங்களில் மிக நீண்ட துண்டுகள் தலைகீழாகத் திரும்பியிருக்கும். வலசை போகும் வடகிழக்கு ஆர்க்டிக் கூட்டத்தில் இந்தத் திருப்பங்களின் சேர்க்கை ஒரு மாதிரி, தெற்கே வாழும் கூட்டங்களில் வேறு மாதிரி. நீண்ட துண்டு என்பதால் சிதைந்த பழைய மரபணுவிலும் அடையாளம் தங்குகிறது. ஆகவே 'இந்த மீன் வடக்கே பிறந்தது' என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது கெடாமல் வந்ததென்றால் காய்ந்துதான் வந்திருக்கும், அதுவும் சரி.

எவ்வளவு வந்தது, விற்கத்தான் வந்ததா என்பதற்கு ஐந்து எலும்பு போதாது. ஆனாலும் ஒன்று யோசியுங்கள். வழிச்சோறாகவே வைத்துக்கொண்டாலும், மீனைக் காயவைத்து மாதக்கணக்கில் வைத்திருக்கும் பழக்கமும், ஒரு பயணத்துக்கு வேண்டியதைவிட மிகுதியாகக் காயவைக்கும் வசதியும் அப்போதே இருந்திருக்கிறது. மிஞ்சியதைத் துறைமுகத்தில் விற்காமல் திருப்பிக் கொண்டுபோயிருப்பார்களா?

கருவாட்டுக்கடை எழுதியது:

திருப்பிக் கொண்டுபோக மாட்டார்கள். இறக்கிய ஊரில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, திரும்பும்போது வேறு சரக்குதான் ஏறும். கடல்வழி வியாபாரத்தில் வெறும் கப்பல் நஷ்டம்.

சிந்துவெளி_வாசகன் எழுதியது:

பேச்சு முழுக்க ஐரோப்பாவிலேயே நிற்கிறது. கருவாட்டு வணிகத்துக்கு இதைவிட மூவாயிரம் வருடம் பழைய தடயம் நம் துணைக்கண்டத்திலேயே உண்டு. ஹரப்பா ராவி ஆற்றங்கரை ஊர், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே. அங்கே கிடைத்த மீன் எலும்புகளில் ஆற்று மீன்தான் மிகுதி, ஆனால் இடையிடையே கடல் கெளுத்தி போன்ற கடல் மீன் எலும்புகளும் இருப்பதை வில்லியம் பெல்ச்சர் கண்டார். அவ்வளவு தூரத்துக்குப் பச்சை மீன் வந்திருக்க முடியாது. கராச்சிக்கு வடமேற்கே கரையோரம் இருந்த பாலாகோட்டில் கடல் மீன் எலும்புகள் குவியலாகவே கிடைத்திருக்கின்றன. பெல்ச்சர் வெறும் எலும்பு எண்ணவில்லை. இன்றைய பஞ்சாப் ஆற்று மீனவர்களும் மக்ரான் கரை மீனவர்களும் எப்படிப் பிடிக்கிறார்கள், எப்படி வெட்டுகிறார்கள், எந்த எலும்பு எங்கே விழுகிறது என்று அவர்களிடையே இருந்து பார்த்தார். அந்த அறிவோடுதான் பழைய எலும்பைப் படித்தார்.

எலும்புமேசை எழுதியது:

பெல்ச்சரின் வேலையை நினைவூட்டியதற்கு நன்றி. அண்ணாச்சி போன்றவர்கள் பேசுவதைக் கேட்காமல் இந்த ஆய்வைச் செய்ய முடியாது என்பதற்கு அது நல்ல சாட்சி. கெளுத்தியில் இன்னொரு சௌகரியம் உண்டு. அதன் தலை எலும்பும் பக்கத்து முள்ளும் தடித்தவை, மண்ணில் நெடுநாள் நிற்கும். மற்ற மீன்களோடு ஒப்பிட்டால் கெளுத்தியின் பங்கு எப்போதும் கொஞ்சம் மிகையாகவே தெரியும், அதைக் கழித்துத்தான் வாசிக்க வேண்டும்.

ஆற்றங்கரை_மாணவி எழுதியது:

அக்கா, நான் தொல்லியல் முதுகலை முதல் வருடம். இந்த விடுமுறையில் ஒரு அகழாய்வில் உதவப் போகிறேன். சலித்தால் மீன் எலும்பு வரும் என்று வைத்துக்கொள்வோம், எந்த மீன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் துறையில் ஒப்பிட்டுப் பார்க்க எலும்புத் தொகுப்பு இல்லை.

எலும்புமேசை எழுதியது:

நீங்களே தொடங்குங்கள் தங்கச்சி. பெரிய ஆய்வகங்களில் இருப்பவையும் சந்தையில் வாங்கிய மீனில் தொடங்கியவைதான். கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையில் மீன் எலும்பு ஆய்வு நடக்கிறது, முடிந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

உங்கள் பகுதி ஆற்றிலும் கடலிலும் சாதாரணமாகக் கிடைக்கும் மீன்களை முதலில் எடுங்கள். முழு மீனாக வாங்க வேண்டும், தலை வெட்டியதை வாங்கக் கூடாது. சமைப்பதற்கு முன்பே மூக்கு நுனியிலிருந்து வால் வரை நீளம், எடை, வாங்கிய இடம், தேதி எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். பிறகு கிடைக்கும் பழைய எலும்பு எவ்வளவு பெரிய மீனுடையது என்று சொல்ல இந்த நீளம்தான் கைகொடுக்கும். மண்டைக்குள் இருக்கும் காதுக்கல்லை முதலில் பத்திரமாக எடுத்துவிடுங்கள். அதில் வளையங்கள் இருக்கும், வயதையும் பல நேரம் பிடித்த பருவத்தையும் காட்டும்.

கொதிக்கவிடாதீர்கள். மெல்லிய சூட்டில் சதை கழன்றால் போதும், கொதித்தால் மெல்லிய தலை எலும்புகள் வளைந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சதையை எடுத்து, நொதி சேர்த்த சலவைத் தூள் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், எலும்பை அரித்துவிடும். நிழலில் காயவையுங்கள். ஒரே இனத்தில் சின்னது, பெரியது என்று இரண்டாவது வைத்திருங்கள். வளர்ச்சியில் எலும்பின் வடிவம் மாறும்.

அகழாய்வில் பெரிய குழிகளில் இருந்து முழு மண்ணையும் சலிக்க ஆள் கிடைக்காது. அடுக்கு வாரியாக அளந்த மண்ணை மூட்டையில் எடுத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையிலும், கொஞ்சத்தை 1 மில்லிமீட்டரிலும் அலசுங்கள். எத்தனை லிட்டர் மண், எந்தச் சல்லடை என்பதைப் பையின் மேலேயே எழுதுங்கள். இது இல்லாவிட்டால் அந்த எலும்புகளை வேறு எந்த ஊரோடும் ஒப்பிட முடியாது.

கருவாட்டுக்கடை எழுதியது:

பாப்பா, ஏலக்கூடத்துக்கு விடியற்காலையில் போ. அப்போதுதான் முழு மீன் கிடைக்கும், வகையும் நிறைய வரும். ஒரு விஷயம் சொல்கிறேன். பாறை என்று ஒரே பெயரில் பல மீன் விற்கிறோம், ஊருக்கு ஊர் பெயரும் மாறும். அதனால் வியாபாரி சொன்ன பெயரை எழுது, கூடவே மீனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அளவுகோல் வைத்துப் படமும் எடுத்துவிடு. துடுப்பை விரித்து வை. சந்தேகம் வந்தால் படத்தை இங்கே போடு, எங்கள் பக்கத்து மீனாக இருந்தால் நான் சொல்கிறேன்.